பதினெட்டாவது மீட்டர்

தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. பம்பைப் போட்டு மூன்று நிமிடம் ஆகியிருந்தது. குழாயிலிருந்து நீல வாளிக்குள் விழுந்த தண்ணீர், வாளியின் அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குத் தெளிவு. நல்ல தண்ணீரைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு எரியுமா என்று குணவதி தன்னையே கேட்டுக்கொண்டாள். எரிந்தது. பதினோரு வருஷமாக இதுதான் வேலை. வேலூரில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடம். அங்கிருந்து பம்பு, பேட்டரி, மீட்டர், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு, எங்கே மண்ணுக்குள் விஷம் இறங்கியிருக்கிறதோ அங்கே போய், நிலத்தடித் தண்ணீரை எடுத்துப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இந்த இடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று ஐந்து வருஷமாக வருகிறாள். தோல் பதனிடுகிற ஊர்களுக்கெல்லாம் ரசாயன உப்பு காய்ச்சி அனுப்பிய ஆலை. மூடி இருபது வருஷம் ஆகிறது. காய்ச்சியது போக மிஞ்சிய கசடு மட்டும் ஒரு குன்று மாதிரி நிற்கிறது, மேலே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு. அதைச் சுற்றி, தண்ணீரைச் சோதிப்பதற்கென்றே போட்ட பன்னிரண்டு போர். நாலு அங்குலக் குழாய், ஒரு மூடி, ஒரு பூட்டு, மூடியின் மேல் வெள்ளை பெயின்டில் நம்பர். ஏழாம் நம்பர் மதில் சுவர் ஓரம் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சாவடிமேடு, அறுபது வீடு. குழாய்க்குள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கிற தண்ணீரை நம்பக் கூடாது, அது கிடந்த கிடையில் மாறிப்போயிருக்கும், அதைப்போல மூன்று மடங்கு இறைத்துக் கொட்டிய பிறகுதான் மண்ணுக்குள்ளிருந்து புதுத் தண்ணீர் வரும், அதைத்தான் பிடிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். இன்றைக்கு இறைக்க வேண்டியது முந்நூறு லிட்டர். நாற்பது நிமிடம். நாற்பது நிமிடத்துக்கு அவளுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை, வாளியைப் பார்ப்பதையும் யோசிப்பதையும் தவிர.

நாற்பது நிமிடம்தானா. அங்கேதான் அது இடித்தது. ஏழாம் நம்பருக்கு எப்போதும் ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும், பேட்டரி சூடேறிவிடும், அவள் பிஸ்கட் பாக்கெட்டையே முடித்துவிடுவாள். ஆழம் முப்பது மீட்டர். முப்பது புள்ளி நாலு, அவளுக்கு மனப்பாடம், தன் பெண்ணின் பிறந்த தேதி மாதிரி. இன்றைக்கு அளவு நாடாவை இறக்கினபோது பதினெட்டில் நின்றுவிட்டது. நாடா எங்கேயோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தாள். தூக்கி விட்டாள், மறுபடி பதினெட்டு புள்ளி இரண்டு. மூன்றாம் தடவையும் அதேதான். நுனியில் இருக்கிற எடைக்கல் அடியில் போய்த் தட்டுகிற தட்டு கையில் தெரியும், அது சிக்கலின் தட்டு இல்லை, தரையின் தட்டு. பன்னிரண்டு மீட்டர் மண் சேர்ந்துவிடுமா குழாய்க்குள்? நாலு மாடி உயரம். அப்படிச் சேர்ந்தால் வருகிற தண்ணீர் இப்படியா வரும், சேறாகத்தானே வரும். சேறு இல்லை. மஞ்சளும் இல்லை. ஏழாம் நம்பரின் தண்ணீரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், எலுமிச்சம்பழத் தோலின் மஞ்சள், பார்க்க அழகாகக்கூட இருக்கும், முதல் தடவை பார்த்தபோது ஐயோ எவ்வளவு அழகு என்று நினைத்துவிட்டு அப்புறம் கையுறையை இரண்டாகப் போட்டுக்கொண்டாள். அந்த மஞ்சள் போய்விட்டது. போன மாசியிலேயே போய்விட்டது. மாசியில் இதே மாதிரி தெளிவாக வந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள், அதை நினைத்தால்தான் இப்போது எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஏன் சந்தோஷப்பட்டாள் என்றால் முரளிதரன் சார் அப்படிச் சொல்லியிருந்தார். ஆலைக்காரர்கள் சார்பில் இந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி அவர். நல்ல மாதிரியான மனுஷன், சத்தம் போட மாட்டார், வெயிலில் நிற்கிறீர்களே என்று மோர் வாங்கி அனுப்புவார், மேடம் என்றுதான் கூப்பிடுவார். மண்ணுக்குள் வெல்லப்பாகு ஊற்றியிருக்கிறோம் என்றார். வெல்லப்பாகைத் தின்று கிருமிகள் பெருகும், அது விஷத்தை முறித்துவிடும், வெளிநாட்டிலெல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அப்படி ஒரு முறை உண்டு, அவளும் படித்திருக்கிறாள், பொய்யே இல்லை. பொய் சொல்கிறவன் முழுப் பொய்யாகச் சொன்னால் எவ்வளவு சௌகரியம். அன்றைக்கு நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம், மூன்று மணிக்குள் மண்டபத்தில் இருந்தாக வேண்டும், காலையிலேயே தலையில் பூ வைத்துக்கொண்டு அதன் மேல் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வேன் நேராக ஏழாம் நம்பருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. புதர் எல்லாம் வெட்டி, ஜல்லி கொட்டி, பாதை போட்டிருந்தார்கள், எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி வெள்ளை. மூடியில் ஏழு என்று இருந்தது. மீட்டரில் எண்கள் சீக்கிரமே ஆடாமல் நின்றுவிட்டன, புதுத் தண்ணீர் வந்துவிட்டது என்று அரை மணியிலேயே பாட்டிலை நிரப்பினாள். ஆழம் அளக்கவில்லை. யார் ஒவ்வொரு தடவையும் ஆழம் அளக்கிறார்கள், தண்ணீர் மட்டம் ஏறும் இறங்கும், ஆழம் எங்கே போகப்போகிறது, பழைய தாளைப் பார்த்து முப்பது புள்ளி நாலு என்று எழுதினாள். எல்லோரும் எழுதுவார்கள். எல்லோரும் என்று சொல்லும்போதே நாக்கு கூசியது. எல்லோருமா கையெழுத்துப் போட்டார்கள்? கு. குணவதி, மாதிரி எடுத்தவர். அன்று சாயங்காலம் மண்டபத்தில் உறவுக்காரர்கள் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டபோது, எப்போதும் லேப்பில் என்று முடித்துக்கொள்கிறவள், அன்றைக்கு விரிவாகச் சொன்னாள். ஒரு ஊர்த் தண்ணி நல்லாயிடுச்சு, நான் என் கண்ணால பார்த்தேன் என்றாள். சொல்லிவிட்டு இரண்டாவது ஜாங்கிரி வாங்கிக்கொண்டாள்.

வாளி நிரம்பியது. எழுந்து எடுத்துப் பெரிய பீப்பாயில் ஊற்றிவிட்டு மறுபடி வைத்தாள். இறைக்கிற தண்ணீரைத் தரையில் கொட்டக் கூடாது, விஷத் தண்ணீர் என்பதால் பீப்பாயில் சேர்த்துத் தனியாக எடுத்துப்போக வேண்டும் என்று விதி. இந்த விதியை மட்டும் எவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தபோது சிரிப்பு மாதிரி ஒன்று தொண்டைக்கு வந்து புளித்துப்போனது. ஒரு சொட்டு கீழே சிந்தாமல் பீப்பாய். சுவருக்கு அந்தப் பக்கம் குடம். காலையில் வேன் கேட்டுக்குள் திரும்பும்போது ஒரு பெண் குறுக்கே வந்து கண்ணாடியைத் தட்டினாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும், ஆடு ஓட்டுகிற கழி கக்கத்தில், பெயர் கன்னியம்மா என்று அவளே சொன்னாள். குணவதின்றது நீதானா என்று கேட்டாள். ஆமாக்கா என்றதும், பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் உன் பேரு கீது, தண்ணி நல்லாகீதுன்னு நீ எழுதிக் குடுத்தியாமே, அதனால லாரித் தண்ணிய நிறுத்திட்டாங்க என்றாள். சண்டைக்கு வந்த மாதிரி இல்லை, யாருக்கோ வழி சொல்கிற மாதிரி சொன்னாள். ஏழாம் நம்பரில் விஷம் இருக்கிறவரை ஊருக்கு லாரியில் தண்ணீர் கொடுப்பது என்று ஆலைக்காரர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்களாம். இல்லை என்று தாள் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். இப்போது தெருவில் இருக்கிற கைப்பம்புத் தண்ணீர்தான். ரெண்டு சினை ஆடு காய் விழுந்திருச்சு, அது தண்ணியாலயா என்னான்னு எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும், நீதான் படிச்சவ என்றாள். கண்ணாடி விளிம்பைப் பிடித்திருந்த விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்திருந்தது. அதுவும் தண்ணீராலா வேலையாலா என்று தெரியாது. தெரியாது, தெரியாது. அதனால்தான் இன்றைக்கு நாடாவையும் இறக்கினாள். தெரிந்துகொள்வதற்குத்தானே இந்த முந்நூறு லிட்டரும் நாற்பது நிமிடமும் கையுறையும் ஐஸ் பெட்டியும். தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக யாரோ இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறார்கள் என்றால். யாரோ என்ன யாரோ. இல்லை, அவசரப்படாதே குணவதி, சேற்றுக்குள் நாடா நின்றிருக்கலாம், வெல்லப்பாகு கெட்டியாகி அடியில் உறைந்திருக்கலாம். வெல்லப்பாகு பன்னிரண்டு மீட்டருக்கு உறையுமா, நீ என்ன பாயசமா காய்ச்சுகிறாய்.

மீட்டர் ஒரு தடவை கீச்சென்றது, பதினைந்து நிமிடம் ஆனதற்கு. குறித்துக்கொள்ள வேண்டும். குறித்தாள். உப்பின் அளவைச் சொல்கிற எண் எழுநூற்றுச் சொச்சம். பழைய ஏழில் ஒன்பதாயிரம் இருக்கும். பேனா மூடியை வைக்க இடம் தேடினாள், கை தானாகவே சிமென்ட் மேடையின் இடது மூலைக்குப் போனது, மூடி உருண்டு ஜல்லியில் விழுந்தது. கை ஏன் அங்கே போனது? ஒவ்வொரு போரைச் சுற்றியும் இரண்டடிக்கு இரண்டடி சிமென்ட் மேடை உண்டு. ஏழாம் நம்பர் மேடையில் சிமென்ட் காய்வதற்கு முன்னால் ஏதோ நாய் நடந்துபோயிருந்தது, இடது மூலையில் ஒரு பாதம், நாலு விரலும் அழுத்தமாக, அவள் ஐந்து வருஷமாக அந்தக் குழிக்குள்தான் பேனா மூடியைப் போட்டு வைப்பாள், உருளாது. குனிந்து பார்த்தாள். வழவழவென்று இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள், மூலை மூலையாக, குருடி மாதிரி. நாய் நடக்கவே இல்லை. மாசியில் பேனா மூடியை எங்கே வைத்தேன் என்று யோசித்தாள், அது ஞாபகம் வராவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. மண்டபம், பூ, மூன்று மணி, ஒரு கையில் மூடியை இறுக்கிக்கொண்டு இன்னொரு கையால் எழுதினாள், ஆமாம், கீழே வைக்கவே இல்லை, எங்கேயும் எதையும் வைக்கவில்லை, உட்காரவில்லை, பார்க்கவில்லை. ஐந்து வருஷம் பார்த்த இடத்தை அன்றைக்கு ஒரு அரை மணி பார்க்கவில்லை, அந்த அரை மணிக்காக யாரோ காத்திருந்தது மாதிரி. அல்லது காத்திருக்கவே வேண்டியதில்லையோ, இவள் எப்படியும் பார்க்கமாட்டாள் என்று அவ்வளவு நிச்சயமோ, அதை நினைத்தபோது காதுமடல் வரை சூடேறியது. திருடன் பூட்டை உடைத்து வந்தால் ஒரு மரியாதை. கதவைத் திறந்து வைத்திருப்பாள் என்று தெரிந்து, மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு, மேடம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

பம்பை ஓடவிட்டு எழுந்தாள். சுவர் ஓரமாகவே கீழே சரிவில் நடந்தாள், ஜல்லி காலுக்கடியில் நொறுங்கியது, வைகாசி வெயில் ஜல்லியிலிருந்து திருப்பி முகத்தில் அடித்தது. நாற்பது தப்படியில் ஒரு ஜல்லிக் குவியல், இடுப்புயரம், மேலே கிழிந்த நீலப் பாய். மற்ற இடமெல்லாம் ஜல்லியைப் பரப்பியிருக்கிறார்கள், இதை மட்டும் குவித்து வைத்திருக்கிறார்கள். காலால் தள்ளினாள். பிறகு கையால். அடியில் உடைந்த சிமென்ட் துண்டுகள். குழாயை அறுத்து அதன் வாயில் சிமென்ட் கலவையை ஊற்றியிருந்தார்கள். ஒரு துண்டில் நாய்ப் பாதத்தின் விரல் மூன்று இருந்தது. நாலாவது விரல் எங்கோ உடைந்துபோயிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி, எனக்குப் பைத்தியம் இல்லை என்கிற நிம்மதி, அது போன கையோடு கோபம். இங்கே, இந்தக் காலடிக்கு முப்பது மீட்டர் கீழே, மஞ்சள் அப்படியேதான் இருக்கிறது. அது யார் கையெழுத்தையும் படிக்காது. சுவரைத் தாண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், ஒரு நாளைக்கு ஒரு சாண், அரைச் சாண். அங்கே மேட்டில், நல்ல தண்ணீர் ஓடுகிற இடத்தில், பாதி ஆழத்துக்குப் புதிதாக ஒரு போரைப் போட்டு, மூடியில் ஏழு என்று எழுதி, அதிலிருந்து இவளை விட்டு எடுக்க வைத்து. மூன்று மாதம். தொண்ணூறு நாள். அறுபது வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் என்று பெருக்கப் போன மனதைப் பிடித்து நிறுத்தினாள், அந்தப் பெருக்கல் வேண்டாம், அது முடிவில் போய் என் பெயரில் நிற்கும்.

திரும்பி வந்தபோது முரளிதரன் புதிய போருக்குப் பக்கத்தில் நிழல் இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தார். முடிஞ்சுதா மேடம் என்று கேட்டார். அவர் கண் அவளுடைய கையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூசைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனது. அவள், சார், இது ஏழு இல்ல என்றாள்.

"நம்பர் போட்டிருக்கே மேடம்."

பழைய ஏழு அங்கே உடைந்து கிடக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றாள். அவர் மறுக்கவில்லை. லாரி பின்னால் எடுக்கும்போது இடித்துவிட்டது, குழாய் நசுங்கிவிட்டது, வேறு வழி இல்லாமல் மாற்றிப் போட்டோம், மேலிடத்துக்குக் கடிதம் கொடுத்தாகிவிட்டது என்றார். அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள் என்றாள். ஆபீஸில் இருக்கிறது என்றார். இடித்ததற்குப் பக்கத்திலேயே போடாமல் ஏன் மேட்டில் போட்டீர்கள், முப்பதுக்குப் பதில் ஏன் பதினெட்டு என்றாள். அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மாசியிலேயே நீங்கதான் மேடம் இதுல எடுத்து, முப்பதுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டீங்க என்றார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை, ஞாபகப்படுத்துகிறவர் மாதிரிதான் சொன்னார். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பிறகு அவர் செல்போனை எடுத்துப் பேசிவிட்டு அவளிடம் நீட்டினார். மறுமுனையில் அவளுடைய முதலாளி ஞானசேகரன்.

"குணா, நாம எடுத்துக் குடுக்கற ஆளு. எதுல எடுக்கணும்னு சொல்றது அவங்க வேலை. பேசாம பாட்டில ரொப்பிக்கிட்டு வா."

"அப்ப என் கையெழுத்து எதுக்கு சார்?"

 அவர், இப்படியே பேசினால் நாளையிலிருந்து நீ வெளிவேலைக்குப் போக வேண்டாம், ஆபீஸ் பக்கமும் வர வேண்டியிருக்காது என்றார். சரி சார் என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். வேலை போனால் பெண்ணின் பள்ளிக்கூடம், வீட்டுவாடகை, எல்லாம் இருக்கிறது, அது அப்புறம், அது நாளைக்கு. பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடத்தையும் முழுதாக ஓடவிட்டாள், ஒரு நிமிடம் குறைத்தாலும் அதைச் சொல்லியே எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். புதுக் கையுறை போட்டுக்கொண்டு நாலு பாட்டிலையும் கழுத்துவரை நிரப்பினாள். சீட்டில் ஏழு என்று எழுதவில்லை, ஏழுக்கு மேற்கே நாற்பது தப்படி மேட்டில் புதிய போர் என்று எழுதினாள், இடம் போதாமல் எழுத்து சிறுத்துப்போயிற்று. உடைந்த மேடையையும் அடைத்த குழாயையும் அளவு நாடாவையும் செல்போனில் படம் எடுத்தாள். பிறகு மடியில் அட்டையை வைத்துக்கொண்டு படிவத்தை எழுத உட்கார்ந்தாள். கார்பன் வைத்த மூன்று தாள், வெள்ளை கூடத்துக்கு, மஞ்சள் ஆலைக்கு, ரோஸ் மாதிரி எடுத்தவருக்கு. குறிப்பு என்கிற கட்டத்தில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. ஏழாம் நம்பரில் மாதிரி எடுக்கப்படவில்லை, அந்தப் போர் அடைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதினாள். இதன் ஆழம் பதினெட்டு புள்ளி இரண்டு, மூன்று முறை அளந்தேன் என்று எழுதினாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். அதுவரை எழுதியதெல்லாம் அவர்கள் செய்தது. பேனா காகிதத்திலேயே நின்று ஒரு மசிப்பொட்டு வைத்தது. எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்று இல்லை, முரளிதரன் சொல்லத்தான் போகிறார், ஆனால் அவர் சொல்வது வேறு. சென்ற மாசியில் ஆழத்தை நான் அளக்கவில்லை, பழைய தாளைப் பார்த்து எழுதினேன், அந்த அறிக்கையும் ஏழாம் நம்பருடையது இல்லை என்று எழுதி, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முரளிதரன் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். மறுத்தார் என்று அதையும் எழுதினாள்.

ஐஸ் பெட்டியை வேனில் ஏற்றிப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, டிரைவரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ரோஸ் தாளோடு கேட்டுக்கு வெளியே நடந்தாள். கன்னியம்மாவின் வீடு சுவரை ஒட்டிய வரிசையில் மூன்றாவது. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. தாளை நீட்டியபோது, எனக்குப் படிக்கத் தெரியாது, நீயே படி என்றாள். குணவதி நின்றபடியே படித்தாள். அடைத்த போரைப் பற்றிப் படித்தாள், பதினெட்டு மீட்டரைப் படித்தாள், குரல் நன்றாகவே வந்தது. தன்னைப் பற்றிய வரி வந்ததும் தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். அதையும் படித்தாள், அவசரமாக, வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற மாதிரி. கன்னியம்மா கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று குணவதி எதிர்பார்த்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அப்ப மூணு மாசமா நாங்க குடிச்சது?"

 கைப்பம்புத் தண்ணியையும் இன்றைக்கே எடுத்துப்போகிறேன், சோதித்துப் பார்த்தால்தான் தெரியும், அதுவரை குடிக்க வேண்டாம், இந்தத் தாளையும் படத்தையும் இன்றைக்கே கலெக்டர் ஆபீஸில் கொடுக்கிறேன் என்று குணவதி சொன்னாள். சொல்லும்போதே அது கேள்விக்குப் பதில் இல்லை என்று தெரிந்தது. கன்னியம்மா முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே போய்ச் சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் படிச்சா பத்தாது, வா என்று முன்னால் நடந்தாள். அடுத்த வீட்டில் கைப்பிள்ளையோடு ஒருத்தி வாசலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கன்னியம்மா இவளைக் காட்டி, பலகையில கீற பேரு இதான், இன்னா சொல்லுதுன்னு கேளுங்க என்றாள். குணவதி தாளைப் பிரித்தாள். இந்தத் தடவை மேலேயிருந்து படிக்கவில்லை. தன்னைப் பற்றிய வரியிலிருந்து, நிறுத்தி நிறுத்தி, கடைசியில் நிற்கிறவளுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.